தடுக்கிய இடத்தில் ஒரு கோடு

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்து பத்துக்கு, நான் கையைத் தூக்கினேன்.

"நாலாவது விண்ணப்பத்துல எனக்குச் சார்பு இருக்கு. என் வீட்டுக்காரர் அந்த ஆய்வுல சேரக் காத்துக்கிட்டிருக்கார்" என்றேன்.

தலைவர் பிரெபென் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துத் தலையசைத்தார். செயலாளர் மைக்கென் அதைக் குறித்துக்கொண்டாள். காபிக் கோப்பையோடு நான் வெளியே வந்தேன். கதவு எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

வெளியே போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மனிதர்கள் மேல் மருந்தோ ஊசியோ சோதித்துப் பார்க்க நினைக்கிற எந்த டாக்டரும் முதலில் எங்கள் குழுவின் அனுமதி வாங்கியாக வேண்டும். எங்களில் பாதிப்பேர் மருத்துவம் படித்தவர்கள். மீதிப் பாதி பொதுமக்கள்: ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு பன்றிப் பண்ணைக்காரர், நகரப் பேருந்து ஓட்டுகிற நான், இப்படி. சின்ன ஊர், சின்ன நாடு. யாருடைய மருமகளாவது எந்த ஆய்விலாவது இருந்தே தீருவாள். அப்போதெல்லாம் ஒரே விதிதான். கையைத் தூக்கு, வெளியே போ, வாயைத் திறக்காதே. முடிந்ததும் கூப்பிடுவார்கள்.

தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியும் ஒரு பிளாஸ்டிக் செடியும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே எஸ்பியர் துறைமுகத்துக் காற்று கொடிக்கம்பத்துக் கயிற்றை டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இருபத்தேழு வருடம் பேருந்தில் உட்கார்ந்தேன் என்றால், அது ஓடிக்கொண்டிருந்ததால்தான். நாற்காலியில் இரண்டு நிமிடம் இருந்தேன், வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. எழுந்து நடந்தேன். ஜன்னல்வரை பதினான்கு எட்டு, திரும்பப் பதினான்கு.

என் விகோவுக்கு அந்த ஆய்வில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்தக் கதவுக்குப் பின்னால் முடிவாகிக்கொண்டிருந்தது.

அவருக்கு வந்திருப்பது, விளக்குகளை அணைக்கிற மாதிரி தசைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகிற நோய். முதலில் வலது கை, பிறகு இடது, இப்போது நாக்கும் கனத்துவிட்டது. மருந்து என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இந்த ஆய்வு ஒன்றுதான். முதுகுத்தண்டில் மாதம் ஒரு ஊசி, பன்னிரண்டு பேருக்கு. ஆனால் முதல் அறிகுறி தெரிந்து பதினெட்டு மாதத்துக்குள் முதல் ஊசி விழுந்துவிட வேண்டும். விகோவின் பதினெட்டு மாதம் மார்ச் இருபத்தெட்டோடு முடிகிறது. இன்றைக்கு அனுமதி கிடைத்தால் உள்ளே. "திருத்திக் கொண்டு வாருங்கள்" என்று விண்ணப்பம் திரும்பிப் போனால் அடுத்த கூட்டம் ஏப்ரலில், விகோ வெளியே.

அந்தத் தேதியைச் சொன்னதே இந்த மனிதர்தான். மீன் ஏலக்கூடத்தில் முப்பது வருடம் எடை போட்டவர். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி, காலை ஐந்தே முக்காலுக்கு, கையிலிருந்த கொக்கி நழுவி விழுந்தது என்று டாக்டரிடம் மணி நிமிடத்தோடு சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் நான் கத்தினேன். "அக்டோபர்னு சொன்னா உன் நாக்கு அழுகிடுமா?"

"செப்டம்பர்லதானே விழுந்துச்சு" என்றார்.

இவரைக் கட்டிக்கொண்டு முப்பத்தொரு வருடம் ஆகிறது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

ஆறு வருடத்துக்கு முன்னால் முதல் கூட்டத்துக்கு வந்தபோது, நோயாளிகளுக்குக் கொடுக்கிற விளக்கக் கடிதம் ஒன்று என் கையில் இருந்தது. ஆய்வில் சேர நினைப்பவர் கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டிய கடிதம் அது. எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. வெட்கப்படுவதற்குப் பதிலாக எனக்குக் கோபம் வந்தது, எனக்கு எப்போதும் அதுதான் வரும். "நான் சத்தமாப் படிக்கிறேன், நீங்க கேளுங்க" என்று ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே நாலு இடத்தில் நாக்குத் தடுக்கியது. எல்லோரும் சிரித்தார்கள். பிரெபென் மட்டும் சிரிக்கவில்லை. "பஸ் ஓட்டறவங்களுக்குத் தடுக்குதுன்னா கடுதாசிலதான் குறை. இனிமே இவங்க படிக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கடிதத்தையும் நான் உரக்கப் படிப்பேன். எனக்குத் தடுக்கிய இடத்தில் மைக்கென் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். கோடு விழுந்த வாக்கியம் ஆராய்ச்சியாளருக்கே திரும்பிப் போகும், புரிகிற மாதிரி எழுதிக்கொண்டு வரச் சொல்லி. "ஆஸ்டா பிரேக் போட்டுட்டாங்க" என்பது டாக்டர்கள் வட்டாரத்தில் ஒரு வசவாகவே ஆகிவிட்டதாம். கேள்விப்பட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில் ஒன்று நடந்துகொண்டே வந்திருக்கிறது. குழுவில் மற்ற எல்லோரும் அந்தக் கடிதத்தை வீட்டில் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். எதற்குப் படிக்க வேண்டும்? ஆஸ்டாதான் படிக்கப்போகிறாளே! தடுக்கினால் தெரிந்துவிடப்போகிறதே! அவர்கள் புள்ளிவிவரத்தைப் பார்த்தார்கள், மருந்தின் அளவைப் பார்த்தார்கள், காப்பீட்டைப் பார்த்தார்கள். கடிதத்தை என் நாக்கிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல எல்லா விண்ணப்பங்களும் எனக்கும் வந்திருந்தன. நாலாவதை நான் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன். வாஷிங் மெஷின் ஓடுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கப் படித்தேன். ஐந்து பக்கம் வெண்ணெய் தடவின ரொட்டி மாதிரி இறங்கியது. டாக்டர் டிட்டெ ராவ்ன் எழுதினது, நல்ல மனுஷி, நன்றாகவே எழுதியிருந்தார். ஆறாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்:

"முந்தைய ஆய்வுக் கட்டத்தில் சிகிச்சை பெற்றோருள் ஒரு பகுதியினரிடம் சுவாச ஆதரவுத் தேவையின் காலஞ்சார் முன்னகர்வு அவதானிக்கப்பட்டதும், இதற்கும் ஆய்வு மருந்துக்குமான தொடர்பு விலக்கப்படாததும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது."

தடுக்கியது. திரும்பப் படித்தேன், மறுபடியும் தடுக்கியது. மூன்றாவது தடவை மெஷின் நின்றுபோயிருந்தது, என் குரல் எனக்கே தனியாகக் கேட்டது. அப்போதுதான் புரிந்தது. முன்பு ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு மூச்சு சீக்கிரமாகவே திணறி மூச்சு மெஷின் வைக்க வேண்டி வந்திருக்கிறது. அது இந்த மருந்தினாலேயே இருக்கலாம்.

அந்த வாக்கியத்தை எழுதியவர் வேறு ஆள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. மருந்துக் கம்பெனி வக்கீல் நடுவில் கொண்டுவந்து செருகியிருப்பார்.

ஆக, தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தவளுக்கு அது தெரியும். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. சொன்னால் கடிதம் திரும்பிப் போகும், விகோ வெளியே. சொல்லாவிட்டால் பன்னிரண்டு பேர் அதைப் படித்துவிட்டு, படித்ததாக நினைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுவார்கள். விதி என்னை வாயைத் திறக்காதே என்கிறது. ஒரு விதி இத்தனை வசதியாக வந்து கையைப் பிடித்துக்கொண்டதை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஏழாவது நடையில் கதவுக்குப் பின்னாலிருந்து பிரெபெனின் குரல் கேட்டது. அவரே படிக்கிறார்! நான் கதவோரம் நின்றேன். நிற்கக் கூடாது, நின்றேன். பேராசிரியர் நாக்கு ஆயிற்றே, அதற்கு எது தடுக்கும்? நாற்பது வருடமாக அந்த மொழியிலேயே சாப்பிட்டுத் தூங்கின நாக்கு. "காலஞ்சார் முன்னகர்வு" என்ற இடத்தை அவர் காலியான சாலையில் போகிற பேருந்து மாதிரிக் கடந்துபோனார். தட்டு, தட்டு என்று மனசு அடித்துக்கொண்டது. தட்டவில்லை. காபி ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது, அதை ஒரே மடக்கில் குடித்தேன்.

பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. மைக்கென் என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"வாங்க, ஆஸ்டா. ஒரு கோடுகூட விழல" என்று காதோரம் சொன்னாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

*

அடுத்த புதன்கிழமை டாக்டர் டிட்டெயின் அறையில் நானும் விகோவும் உட்கார்ந்திருந்தோம். ஆய்வில் சேருகிறவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம். அதுவும் விதி. துணைக்கு வந்தவள் நான்.

டிட்டெ பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். ஊசி எப்படி, எத்தனை நாளைக்கு ஒருமுறை, தலைவலி வரும், முதுகு வலிக்கும். சுவாசம் பற்றியும் சொன்னார், கடிதத்தில் இருந்த அதே வார்த்தைகளில். மனப்பாடமாகிவிட்டது போல.

"கேள்வி ஏதாவது இருக்கா? துணைக்கு வந்தவங்களும் கேக்கலாம்" என்றார்.

விகோ என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த நரம்பு மண்டலப் படத்தைப் பார்த்தேன்.

"இல்ல. எல்லாம் தெளிவா இருக்கு" என்றேன்.

"சரி. இப்ப கையெழுத்து வாங்க மாட்டேன், தெரியுமில்ல? ஒரு நாள் முழுசா யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க. விகோ, உங்களுக்கு முதல் ஊசி இருபத்தாறாம் தேதி. உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க, அவங்களுக்கு அடுத்த வாரமே தொடங்குது."

வீட்டுக்கு வந்து சூப்பைச் சூடாக்கி அவருக்கு ஊட்டினேன். வாயைத் துடைத்துவிட்டேன். பாத்திரம் கழுவினேன், துடைத்தேன், ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தேன்.

"உக்காரு. அந்தக் கடுதாசியப் படி" என்றார் விகோ. வார்த்தைகள் மெல்ல மெல்லத்தான் வரும். "அங்க படிக்கிற மாதிரி. சத்தமா."

"டாக்டர்தான் எல்லாம் சொன்னாங்களே."

"அவங்க சொன்னாங்க. நீ படி."

படித்தேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். வெளியே கடற்பறவைகள் குப்பைத் தொட்டி மேல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நாலு, ஐந்து. ஆறாம் பக்கம் வந்தபோது வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. காலஞ்சார் முன்னகர்வு, அவதானிக்கப்பட்டதும், விலக்கப்படாததும், எல்லாம் ஒரே சீராகப் போயிற்று. பத்தாம் பக்கம் முடித்துக் காகிதத்தை மடித்து வைத்தேன்.

விகோ ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு இடத்துலகூடத் தடுக்கல" என்றார்.

"நல்லா எழுதியிருக்காங்க."

"தடுப்பூசிக் கடுதாசிக்குத் தடுக்கின. போன வருஷம் அந்தச் செருப்பு ஆராய்ச்சி, அதுக்கே ரெண்டு இடத்துல தடுக்கிச்சுன்னு வந்து சிரிச்சே. முதுகுல ஊசி போடற கடுதாசிக்குத் தடுக்கலையா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "எத்தனை தடவை படிச்சே, ஆஸ்டா?"

நான் காகிதத்தின் மடிப்பை நகத்தால் நீவினேன்.

"எங்க தடுக்கிச்சு?"

சூப்புப் பாத்திரத்தை எடுத்துவைக்க எழுந்தேன்.

"கிழவி, உன்னத்தான் கேக்கறேன். எங்க?"

காகிதத்தைப் பிரித்து, ஆறாம் பக்கத்தில், அந்த வாக்கியத்தின் மேல் விரலை வைத்தேன். பிறகு அதை மனுஷ பாஷையில் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"தெரிஞ்சா என்ன பண்ணுவே? வேற என்ன இருக்கு நமக்கு? சும்மா இருந்தாலும் உனக்கு மூச்சு நிக்கத்தான் போவுது! இது ஒண்ணாவது..."

"போன் போடு டாக்டருக்கு."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். விகோ நேராகவே கேட்டார், எத்தனை பேருக்கு என்று. டிட்டெ ஒளிக்கவில்லை.

"எட்டுப் பேர்ல மூணு பேருக்கு. மருந்தாலதானான்னு தெரியாது, விகோ. இந்த நோய் தானாவும் அப்படிப் போகும். ஆனா அது ஆறாம் பக்கத்துல இருக்கே, நீங்க பாக்கலையா?"

"இருக்கு. நம்ம டேனிஷ்ல இல்ல" என்றார் விகோ.

"அந்த வரி நான் எழுதினதில்ல. மாத்தச் சொல்லியிருக்கணும். குழு பாத்துச் சரின்னுட்டாங்கன்னு விட்டுட்டேன்" என்றார் டிட்டெ.

போனை வைத்ததும் விகோ, "நான் சேருவேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "அதான் நானும் சொல்றேன்!"

"எட்டுல மூணுன்னாலும் சேருவேன். தெரிஞ்சுக்கிட்டு சேருவேன். நாளைக்குப் போய்க் கையெழுத்து வைக்கலாம்." அவர் நாக்கு சோர்ந்துகொண்டிருந்தது, ஆனாலும் விடவில்லை. "மத்த பதினோரு பேருக்கு யாரு படிச்சுக் காட்டறது?"

"அவங்கவங்க வீட்டுல படிச்சுப்பாங்க."

"அவங்க வீட்டுல ஆஸ்டா இருக்காளா?"

"மத்தவன் எக்கேடு கெட்டா நமக்கென்ன? பேரு தெரியுமா, ஊரு தெரியுமா? நீ ஊசியப் போட்டுக்க முதல்ல. இருபத்தாறாம் தேதி போட்டுக்கிட்டு, இருபத்தேழாம் தேதி எழுதுவோம். எவ்வளவு பெரிய கடுதாசி வேணும்னாலும் எழுதித் தரேன்."

"எனக்கு முன்னாடி ஆறு பேர்" என்றார்.

நான் எழுந்து சமையலறையை இரண்டு தடவை சுற்றினேன். நான்கு எட்டுக்கு மேல் அங்கே இடம் இல்லை.

"முப்பது வருஷத்துல ஒரு பெட்டிய ஐஸோட சேத்து எடை போட்டதில்ல நான்" என்றார் விகோ. "மீனு எவ்வளவு, ஐஸு எவ்வளவு, தனித்தனியாச் சொல்லிடணும். அப்புறம் வாங்கறவன் பாடு."

"இது மீனு இல்லடா!"

"அதான் சொல்றேன்."

இவரை என்ன செய்வது? நானே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, குழுவுக்குக் கடிதம் அடித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி அடித்தேன். நாலே வரி. நான் விகோ, ஆய்வில் சேர இருப்பவன். ஆறாம் பக்கத்து வாக்கியம் யாருக்கும் புரியாது. எட்டுப் பேரில் மூன்று பேர் என்று எழுதுங்கள். அது தெரிந்த பிறகு சேருகிறவர்கள் சேரட்டும்.

"அனுப்பு" என்றார்.

"என்னால முடியாது. வேணும்னா நீயே அமுக்கிக்க" என்றேன்.

அந்த மனிதரிடம் போய் அப்படிச் சொன்னேன். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன், என்ன பயன்? விகோ தோளை ஆட்டி ஆட்டி வலது கையை மேஜை மேல் ஏற்றினார். அங்கிருந்து அதைத் தள்ளித் தள்ளி, கடைசியில் விசைப்பலகை மேல் தொப்பென்று போட்டார். திரையில் கடிதத்துக்கு அடியில் அர்த்தமில்லாத எழுத்துகள் ஒரு வரி ஓடின. அவர் கையை எடுத்து மடியில் வைத்தேன். அந்த வரியை அழிக்காமல் அப்படியே அனுப்பினேன்.

*

மறுநாள் காலையில் பிரெபெனே கூப்பிட்டார். அவர் குரல் ஒரு நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"நான்தான் படிச்சேன் அந்த வரிய, என் வாயால" என்றார். "எட்டுல மூணு, ஆஸ்டா. ஒருத்தரும் கவனிக்கல. பதினோரு பேர் உக்காந்திருந்தோம்."

"தெரியும். வெளியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "ஊசி எல்லாத்தையும் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டோம். கடிதம் திருத்தி வரணும். ஆனா..."

"முழுக் குழு உக்காந்து பாக்கணும். ஏப்ரல்ல."

"ஆமா. விதி அப்படி."

விதி அப்படித்தான். முன்பெல்லாம் சின்னத் திருத்தங்களைத் தலைவர் ஒருவரே பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நோயாளிக்குப் போகிற கடிதத்தில் ஒரு சொல் மாறினாலும் முழுக் குழுவும் கேட்டாக வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் மேஜையைத் தட்டி அந்த விதியைக் கொண்டுவந்தது யார்? இதோ, இந்த ஆஸ்டா. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுட்டது.

டிட்டெ விகோவுக்காக ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் நீட்டிக்கச் சொல்லி மருந்துக் கம்பெனிக்கு எழுதினார். ஒருவருக்காகத் தேதியை மாற்றினால் ஆய்வின் கணக்கே கெட்டுப்போகும் என்று பதில் வந்தது. எங்கள் குழுவாக இருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம். அதனால் கம்பெனியைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி விகோவைக் காரில் ஏற்றிக் கடலோரம் கூட்டிப்போனேன். காற்று அதிகமாக இருந்ததால் இறங்கவில்லை. சாஸேஜ் வாங்கிச் சின்னச் சின்னதாக நறுக்கி ஊட்டினேன். கடுகுச் சாந்து பத்தாது என்று குறை சொன்னார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன், நின்ற வண்டியில்.

*

ஏப்ரல் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. முதல் விஷயமே டிட்டெயின் திருத்தின கடிதம்.

அறைக்குள் நுழைந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. எல்லோர் கையிலும் அந்தக் கடிதம் கசங்கியிருந்தது. பன்றிப் பண்ணைக்காரர் கடிதத்தில் காபிக் கறை. பள்ளி ஆசிரியை ஓரமெல்லாம் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். பிரெபென் தன் பிரதியை மேஜையில் கவிழ்த்து வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார்.

"முதல் விஷயத்துல யாருக்காவது சார்பு இருக்கா?" என்று மைக்கென் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

என் கை மடியில் கிடந்தது. விகோவுக்கு அந்த ஆய்வில் இனி இடம் இல்லை. ஆதாயம் இல்லாதவள் உள்ளேயே இருக்கலாம். அதுவும் விதிதான்.

"ஆஸ்டா, இன்னிக்கு நான் படிக்கட்டுமா?" என்றார் பிரெபென் மெதுவாக.

"நீங்க படிச்ச லட்சணம்தான் தெரியுமே! கொடுங்க இங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். பண்ணைக்காரர்தான். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

படித்தேன். ஐந்து பக்கம் ஓடியது. ஆறாம் பக்கம் வந்தது: "இதற்கு முன் இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட எட்டுப் பேரில் மூன்று பேருக்கு, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக மூச்சுக் கருவி தேவைப்பட்டது. இதற்கு ஊசி காரணமாக இருக்கலாம். எங்களுக்கு உறுதியாகத் தெரியாது." விகோவே சொல்லி எழுதின மாதிரி இருந்தது. நாக்கு தடுக்கவில்லை. மைக்கெனின் பென்சில் அசையவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது.

பத்தாம் பக்கம். யார் சேரலாம், யார் சேர முடியாது. அது முன்பு இருந்த அதே வாக்கியம், டிட்டெ அதில் கை வைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் புரியும்.

"முதல் அறிகுறி தெரிந்து பதினெட்டு" என்று ஆரம்பித்தேன். நின்றேன்.

"முதல் அறிகுறி தெரிந்து பதினெட்டு மாதம்..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். காகிதத்தைக் கொஞ்சம் கிட்டே பிடித்தேன்.

"முதல் அறிகுறி தெரிந்து பதினெட்டு மாதம் கடந்தவர்கள்..."

நாக்கு அதற்கு மேல் போகவில்லை.

மைக்கென் ஆறு வருட வழக்கத்தில் பென்சிலைக் காகிதத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு அது அந்தரத்திலேயே நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோடு போடாதே, மைக்கென்" என்றேன். "இந்த வாக்கியம் நல்லாப் புரியுது."